கத்திரியைச் சாமியிடம் வைத்தது யார்?

மெஷின் ஆயிலும் சந்தனமும் கலந்தால் ஒரு வாசனை வரும். ஆயுத பூஜை அன்று பனியன் கம்பெனிக்குள் போனவர்களுக்கு அது தெரியும்.

எனக்கு அந்த வாசனை வந்தால் ஒரு கொலைதான் ஞாபகம் வரும்.

பயப்பட வேண்டாம்... நாடகக் கொலை.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடி நாடகம் பழகுவோம். எல்லாமே சிரிப்புக் கொலை நாடகங்கள். ஒருவர் செத்துப்போவார், மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பொய் சொல்வார்கள், கொலைகாரன் யாரென்று கடைசியில் தெரியும். ஊர்த் திருவிழாவில் சாமி நாடகத்துக்குத்தான் மேடை கிடைக்கும். அதனால் ஆயுத பூஜை அன்று மாலை, கட்டிங் டேபிள்களைச் சேர்த்துப் போட்டு, கம்பெனிக்குள்ளேயே எங்கள் மேடை.

அந்த வருஷ நாடகம் முழுக்க நான் எழுதியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் துப்பறியும் நாடகம் எழுதுகிறானாம் என்று டீக்கடையில் சிரித்தவர்கள் உண்டு. அவர்களும் வந்து உட்காரப் போகிறார்கள். என் முடிச்சு அவிழும்போது அவர்கள் வாயடைத்துப் போக வேண்டும்... அது ஒன்றுதான் என் ஆசை.

கதையில் கம்பெனி மேனேஜர் கொல்லப்படுகிறார். மேனேஜராக அயர்ன் மாஸ்டர் பொன்னுசாமி. கொலைகாரனாக ஓவர்லாக் டெய்லர் வேலுச்சாமி. இன்ஸ்பெக்டர் நான். மெயின் சுவிட்சை அணைப்போம். இருட்டில் கத்திரி ‘சரக்’ என்று ஒரு தரம். விளக்கு வந்தால் பிணத்தின் நெஞ்சில் கத்திரி கிடக்கும். அது இடது கைக்காரர் பிடிக்கும் கத்திரி. வேலுச்சாமி நிஜத்திலும் இடது கைக்காரர். கம்பெனிக்கே தெரியும், ஆனால் ஒருவருக்கும் சட்டென்று தோன்றாது. முடிச்சு அங்கேதான்.

ஒத்திகையில் பொன்னுசாமி, அட்டையில் ஒரு கத்திரி செய்துகொள்ளலாமே என்று கேட்டார். முடியாது என்றேன். அட்டையில் அந்தச் சத்தம் வருமா?

முதல் நாள் மாலையே கத்திரியைக் கட்டிங் டேபிள் டிராயருக்குள் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் பூஜை முடிந்து, எல்லோருக்கும் பொரி கொடுத்து, நாடகம் தொடங்கியது. விளக்கு அணைந்தது. டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. வேலுச்சாமியின் கை உள்ளே துழாவுவதும் கேட்டது. ‘சரக்’ மட்டும் வரவில்லை. ‘பொத்’ என்று ஒரு சத்தம்.

விளக்கு வந்தது. பொன்னுசாமி நெஞ்சின்மேல், தையல் நூல் சுற்றிய கோன் ஒன்று.

எழுதியதை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை. டேபிள்மேல் ஏறி, “இவரைக் கத்திரியால் குத்திக் கொன்றிருக்கிறார்கள்” என்றேன்.

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்க எழுதிய இடம் அதுவல்ல.

“இன்ஸ்பெக்டருங்க... கத்திரி சாமிகிட்ட இருக்குதுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். பூஜையில் வைத்த சாமான்களுக்கு நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்து, என் நாடகக் கத்திரி. பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்பது கம்பெனி வழக்கம். இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். பூஜை செய்த செக்கிங் பிரிவுச் சரஸ்வதியக்கா குறுக்கே வந்து நின்றார்.

“நாளைக்குக் காலைலதானுங்க மாஸ்டர் எடுக்கோணும். கொலை பண்றதுக்குச் சாமி குடுக்குமுங்களா?”

எடுக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. வேலுச்சாமியைப் பூஜைக்கு முன்னால் நிறுத்தி, கத்திரியைத் தொடாமல் விரலால் காட்டியே விசாரித்தேன். கூட்டம் ஒப்பவில்லை. காலையிலிருந்து சாமியிடம் இருந்த கத்திரி எப்படிக் கொலை செய்யும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். வேலுச்சாமி இடது கையை ஆட்டிக்கொண்டே விடுதலையாகிப் போனார். பிணம்கூடக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

முதலாளிக்கு நாடகம் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வருஷமும் அப்படியே போடச் சொன்னார், கோனோடு. பொங்கலூர், குண்டடம் பக்கமெல்லாம் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு மேடையிலும் நான் கத்திரி என்றேதான் சொன்னேன். காமெடி பண்ணுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் டிராயரிலிருந்து அதை எடுத்தது யார்?

சரஸ்வதியக்காவைக் கேட்டேன். அது ஏற்கெனவே அங்கே இருந்தது, பொட்டு வைத்தது மட்டும்தான் தன் வேலை என்றார். வேலுச்சாமி முருகன்மேல் சத்தியம் செய்தார். முதலாளியையே கேட்டேன், அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். டீக்கடையில் சிரித்தவர்களில் ஒருவரையும் விடவில்லை.

போன வருஷ ஆயுத பூஜைக்குப் பொன்னுசாமியின் பேரன் நடத்தும் யூனிட்டில் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது துணி வெட்டுவது கம்ப்யூட்டர் மெஷின். ஸ்கிரீன் ஓரத்தில் சந்தனப் பொட்டு. வடநாட்டுப் பையன்கள் செல்போனில் பாட்டுப் போட்டு ஆடினார்கள். நானும் பொன்னுசாமியும் ஓரமாகச் சேர் போட்டுப் பொரி தின்றோம். பேச்சு அந்தக் கத்திரிக்குத்தான் போனது. யார் யார்மேல் எனக்கு என்னென்ன சந்தேகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர் பொரியை மென்றுகொண்டே சொன்னார்.

“நாந்தானுங்க மாஸ்டர்.”

சேரை அவர் பக்கம் திருப்பிப் போட்டேன்.

“கல்யாணமாயிக் கொஞ்ச நாள்தானுங்க. இருட்டு... நெஞ்சுமேல நெசக் கத்திரி... ஊட்ல அவ அழுதுபோட்டா. அட்டைன்னு சொன்னா நீங்க கேக்கலை. சாமிகிட்ட வெச்சாத்தான் நீங்க தொட மாட்டீங்கன்னு, காலைல கூட்டிப் பெருக்கையிலே எடுத்து வெச்சுட்டேனுங்க.”

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஊரையே விசாரிச்சீங்க. செத்தவனை மட்டும் கேக்கவே இல்லீங்களே.”

அட்டைக் கத்திரியில் அந்தச் சத்தம் வராது. இன்றைக்கும் என் பேச்சு அதுதான். அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆனால் ஒன்று...

முன்னெல்லாம் ஆயுத பூஜை வந்தால், அந்தச் சந்தன வாசனையோடு ஒரு கேள்வியும் கூடவே வரும். பொரியைக் கொறித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். இவராக இருக்குமோ... அவராக இருக்குமோ...

இந்த வருஷம் வாசனை மட்டும்தான் வந்தது.