கீல் காய்ச்சிய கைகள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்தில், நானும் என் அண்ணனும் கப்பல் பட்டறையில் கீல் காய்ச்சினோம். கொப்பரையில் உருகும் கறுப்புக் குழம்பைத் தேங்காய் மட்டையால் தொட்டு, தண்ணீர் புகாமலிருக்க மரக்கலங்களின் அடிப்புறத்தில் பூச வேண்டும். தெறித்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் கறை முழுதாகப் போகாது.

பல வருஷம் கழித்து அண்ணனின் முன்கையில் ஒரு மரு வந்தது. மரு புண்ணானது. ஓரம் தடித்ததே தவிர ஆறவில்லை. அவர் துணி சுற்றி மறைத்துக்கொண்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்களுக்கு முன்பு அதே கொப்பரையடியில் வேலை செய்தவர் இப்படியொரு புண்ணோடுதான் செத்தார்.

கீல் பூசும் மற்றவர்களின் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஏழு பேரில் மூவருக்குச் சொரசொரப்பான மருக்கள். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.

“வெயிலும் உப்புத் தண்ணியும் பட்டா அப்படித்தான் ஆவும்” என்றார்.

“ஏரியில எறா பிடிக்கிறவங்களும் அதே வெயில்லதான் நிக்கிறாங்க. அவங்க கையில ஒண்ணும் இல்லியே?”

“இப்ப இன்னா சொல்ற? வேலை வேணாமா?”

கொப்பரையடிக்கே திரும்பிவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

கோட்டை வைத்தியர் அண்ணனின் புண்ணை வெட்டியெடுத்து அந்த இடத்தைச் சுட்டார். சில மாதங்களில் அக்குளில் கட்டி எழும்பியது. புற்று என்றார்கள். ஒருநாள் காலையில் அண்ணன், “என்னைப் பட்டறைக்குக் கூட்டினு போ” என்றார்.

“எதுக்குண்ணே?”

“அவங்க பாக்கட்டும்.”

கொப்பரைக்கு அருகில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். நாற்றத்தில் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மரு மாதிரிதான் ஆரம்பிச்சுது” என்றார் அண்ணன். “உங்க கையப் பாத்துக்கோங்க.”

மறுநாள் அந்த மூவரில் இருவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாமவர் வந்தார். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

மாசியில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். நான் கீலை விட்டுவிட்டு ஏரியில் இறங்கி, சேற்றில் கைவிட்டு இறால் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். போன வருஷம் என் இடது மணிக்கட்டில் ஏதோ தடித்தது. அன்றைக்கே வைத்தியரிடம் ஓடி வெட்டியெடுக்கச் சொன்னேன். ஆறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மட்டும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.