இறங்காத முத்து

மருந்துக்கடைக்கு யாரும் முகத்தைக் கொண்டு வருவதில்லை. முந்தானையிலும் கைக்குட்டையிலும் மூடிய எதையோ கொண்டு வருகிறார்கள். என்னைப் போல் கல்லாவுக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்கு இது புரியும்.

வேப்பெண்ணெய்

சித்தூரில் பாதி வீடுகள் பிள்ளைகளை பெங்களூருக்கும் குவைத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலம். மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை செய்த முனிரத்தினம் அடிக்கடி வந்து வேப்பெண்ணெய் வாங்கினார். மகள் லதாவுக்கு முத்து போட்டிருக்கிறது என்றார். எங்கள் பக்கம் அம்மைக் கொப்புளத்தை முத்து என்றும், அதோடு வீட்டுக்கு வரும் அம்மனை அம்மா என்றும்தான் சொல்வோம். எத்தனை நாளாக என்று கேட்டேன். மே மாதத்துக் கங்கம்மா ஜாத்திரையிலிருந்து என்றார். அப்போது ஆடி பிறந்திருந்தது. காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை, எதுவும் காயவும் இல்லை. எந்த அம்மை அப்படி இருக்கும்?

"அம்மா வந்தா ஒரு வாரம் இருந்துட்டுப் பூடுவாங்க. இவங்க எங்க வூட்லயே தங்கிட்டாங்க சார்."

வேப்பிலை வாசல்

பெண் வெளியே வரக் கூடாதென்பதால் நானே போனேன். நல்ல வெயில், உள்ளே மட்டும் குளிர்ந்திருந்தது. லதாவிடம் குறி கேட்க எலுமிச்சம்பழத்தோடு நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். மகனுக்குக் குவைத் விசா வருமா என்று ஒருத்தி கேட்க, லதா கண்ணை மூடியபடி, வரும் என்றாள். அப்படியே என் பக்கம் திரும்பி, "உம் புள்ள திரும்பி வர மாட்டான்" என்றாள். எனக்குப் பிள்ளை இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்த்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் தோலுக்கடியில் வெள்ளை மணிகள். நீர் இல்லை, சிவப்பு இல்லை. வெறும் வெள்ளைப்பரு. தோலின் துளை அடைத்துக்கொண்டால் எண்ணெய்ப் பசையும் செத்த தோலும் உள்ளேயே தங்கிவிடும். தலை எண்ணெய் வழிந்து ஆரம்பித்திருக்கும். அம்மா என்று நினைத்து, சோப்புப் போடாமல், வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தினமும் பூசியிருக்கிறார்கள். அடைப்பின் மேல் அடைப்பு. பெங்களூரில் அவளுக்குக் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"சீக்கிரம் எறக்குங்கண்ணா. நான் எப்போ பேசறன், அவங்க எப்போ பேசறாங்கன்னு எனக்கே தெரில."

தண்ணீர்

அம்மா வீட்டில் இருக்கும்போது மருந்து கூடாது என்றார் முனிரத்தினம். அப்படியானால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மாவை அனுப்பி வையுங்கள், மருந்து அப்புறம் என்றேன். முத்து காயாமல் எப்படி ஊற்றுவது என்று இரண்டு நாள் யோசித்தார். பிறகு வேப்பிலை போட்ட தண்ணீரை அவரே மகளின் தலையில் ஊற்றினார்.

திருப்பதியில் தோல் டாக்டரம்மா பார்த்தார். இது யாருக்கும் ஒட்டாது, தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றார். முகத்தில் எண்ணெயே கூடாது, காரமில்லாத சோப்பில் காலையும் மாலையும் கழுவ வேண்டும், ராத்திரி மெல்லிசாக ஒரு ஜெல், கிள்ளவே கூடாது. பலன் தெரியப் பல வாரம் ஆகும். நெற்றி மட்டும் கொஞ்சம் தெளிந்த நிலையிலேயே லதா பெங்களூருக்கு பஸ் ஏறினாள். அன்று காலையில்தான், குவைத் பற்றிக் கேட்ட எலுமிச்சம்பழக்காரியின் மகனுக்கு விசா வந்திருந்தது. பஸ் திரும்பும்வரை முனிரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா பூட்டாங்க சார். வூடு வெறிச்சுனு கீது."

சோப்பு

அடுத்த பொங்கலுக்கு லதா கடைக்கு வந்து அதே சோப்பைக் கேட்டாள். முகம் துடைத்து வைத்த தட்டு போல இருந்தது. அதற்குள் என் மகன் அமெரிக்கா போயிருந்தான். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி, வரவில்லை. அவள் சொன்னதாலா, அவள் சொன்னதிலிருந்து அவனை நான் கூப்பிடும் குரலே மாறிவிட்டதாலா, தெரியவில்லை. சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட ஏதோ சொன்னனாமே, இன்னாண்ணா சொன்னன்?"

சிரித்துக்கொண்டே ஒன்றுமில்லை என்றேன். தோலுக்கடியில் அடைத்துக்கொண்டதைக் கிள்ளக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் வேறென்ன சொல்வான்?