எண்ணெய் இருந்தும் மங்கிய விளக்கு

கைக்குழந்தையோடு குற்றாலச் சாரலில் குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் துணி காயாத கஷ்டம் தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மேலகரத்தில் ஓர் ஒற்றை அறையில் இருந்தோம்.

அன்று மத்தியானமே இருட்டிவிட்டது. பிள்ளைக்கு ஈரக்காற்று ஆகாதென்று ஜன்னலைச் சாத்தினேன்; கதவிடுக்கிலும் சாக்கைத் திணித்தேன். கரி அடுப்பை மூட்டி, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, பிள்ளையின் துணிகளை விரித்தேன். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு.

கொஞ்ச நேரத்தில் விளக்கு மங்கியது. குலுக்கினேன், எண்ணெய் தளும்பியது. திரியை ஏற்றினேன், இன்னும் மங்கியது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டாரே என்று கடைக்காரரைத் திட்டினேன். திட்டுவது அவரையா, வேலைக்குப் போயிருந்த என் கணவரையா என்பதே எனக்குக் குழம்பியது. தலை கனத்தது. பிள்ளை அழாமல் தூங்குகிறதே என்று சந்தோஷம் வேறு.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு மைமூன் அக்கா வந்தார். அடுப்பு பற்றவைக்கக் கங்கு கேட்டு வந்தவர்.

“ஏளா, என்ன இப்படி அடைச்சு வச்சிருக்க? மூச்சு முட்டுதே! வெளிய வா!”

“பிள்ளைக்கு ஈரக்காத்து ஆகாதுக்கா...”

அக்கா பிள்ளையை வாரி எடுத்து, என் கையையும் பிடித்து முற்றத்துக்கு இழுத்தார். முகத்தில் சாரல் விழுந்ததும் பிள்ளை வீறிட்டது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் தொடாமலே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அது கேட்டது காற்றை என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதற்குக் கேட்கத் தெரியவில்லை.

இன்றும் சாரல் காலத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன். “கட்டிலெல்லாம் நனையுதும்மா” என்று கோபிப்பவன் அதே பிள்ளைதான். நனையட்டும்.