கெதியா, பிள்ளையள், கெதியா!

மன்னாரில் டெல்சியா இரண்டாம் வகுப்புப் படிப்பித்தவள். அவள் வாசலில் வந்து நின்றாலே வகுப்பு அடங்கிவிடும். கலியாணம் கட்டி றொறன்ரோவுக்கு வந்த சில மாதங்களில், வோபர்னில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் அவளுக்கு உதவி ரீச்சர் வேலை கிடைத்தது. கணவன் மரியோ ட்ரக் ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீதியில்தான். அதனால் முதல்நாள் காலை அவளை மோர்னிங்சைட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற் வீட்டு வாசலில் நின்று வழியனுப்பியது, மேல்வீட்டுப் பேர்ணடெற் அன்ரி.

“பிள்ளை, அங்க போய் கண்ணை உருட்டிப்போடாதை. பிறகு தாய் தேப்பன் வந்து உனக்குக் கண்ணை உருட்டுவினம்.”

“ஓம் அன்ரி,” என்றாள் டெல்சியா. கண்ணை உருட்டாமல் எப்படிப் படிப்பிப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வகுப்பில் எல்லாரும் நான்கு வயதுக்காரர். டெல்சியா நிமிர்ந்து நின்று “குட் மோர்னிங்” சொன்னாள். ஒருவரும் எழும்பவில்லை. மூக்கில் பச்சைப் பெயின்ற் அப்பியிருந்த ஹேஸல் என்ற சிறுமி மட்டும் தலையைத் தூக்கி, “ஹாய் டெல்சி!” என்றாள்.

டெல்சியா திகைத்துப்போய், வகுப்பின் பெரிய ரீச்சர் நதீஷாவைப் பார்த்தாள். நதீஷா இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

“இட்ஸ் ஓகே அக்கா. என்னை ‘நட்ஸ்’ எண்டுதான் கூப்பிடுறவை. யூ ஆர் லக்கி.”

அந்த வாரமே பனி கொட்டியது. கொட்டினாலும் பிள்ளைகள் வெளியே விளையாடியே ஆகவேண்டுமாம். பனிக்காற்சட்டை, சப்பாத்து, ஜக்கெற், தொப்பி, கையுறை. கடைசிப் பிள்ளைக்குக் கையுறை மாட்டி முடிய, முதற்பிள்ளைக்கு ஒண்டுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி, திரும்பவும் மாட்டினாள். அதற்குள் இன்னொருத்தனுக்கு வந்தது. பொறுமையிழந்து கண்ணை உருட்டினாள். அது புது விளையாட்டு என்று நினைத்து எல்லாரும் திருப்பி உருட்டினார்கள்.

ஹேஸலுக்கு அவளில் இரக்கம் வந்திருக்கவேண்டும். தன் ஜக்கெற்றை விரித்து, அதோடு சேர்த்துத் தைத்த தொப்பிப் பக்கம் தன் காலடியில் இருக்க நிலத்தில் போட்டாள். குனிந்து கைகள் இரண்டையும் உள்ளே விட்டுத் தலைக்கு மேலால் ஒரு வீச்சு வீசினாள். ஜக்கெற் முதுகில் வந்து குந்தியது.

“நவ் யூ, டெல்சி.”

டெல்சியாவும் தன் நீளமான புது ஜக்கெற்றை, தொப்பிப் பக்கம் மாறித் தூரத்தில் கிடக்க, நிலத்தில் விரித்தாள். குனிந்தாள், வீசினாள். ஜக்கெற் தலைகீழாக ஏறி, தொப்பி முழங்காலுக்குப் பின்னால் வாலைப்போல ஆடியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நதீஷா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தால் வகுப்பு கைவிட்டுப் போய்விடும் என்று நம்பியிருந்த டெல்சியாவுக்கும் கண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு வந்தது.

“சரி சரி, கெதியா, பிள்ளையள், கெதியா!”

தன்னையறியாமல் வந்த தமிழ் அது. பிள்ளைகளுக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடித்துவிட்டது. “கெதியா! கெதியா!” என்று கத்திக்கொண்டே தாங்களே சப்பாத்தை இழுத்து மாட்டினார்கள். அன்று ஒருவரும் திரும்பி ஓடாமல் முழு வகுப்பும் வெளியே போனது.

அடுத்த வாரம், ஹேஸலின் தாய் டெல்சியாவைக் காணவேண்டும் என்று வந்து நின்றார். வேலை போகப்போகிறது என்றே டெல்சியா நினைத்தாள்.

“‘கெத்தியா’ என்றால் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் தாய். “நான் கோப்பி குடிக்கிறபோது கதவடியில் நின்று கத்துகிறாள். நேற்று பஸ் ட்ரைவரிடமும் சொன்னாள்.”

“விரைவாக என்று அர்த்தம். மன்னிக்கவேணும், இனி ஆங்கிலத்திலேயே...”

“ஐயோ, மாற்றவேண்டாம்! பிறந்ததிலிருந்து இப்போதுதான் நேரத்துக்கு வெளிக்கிடுகிறாள். ஆனால் அவளுக்குப் பதில் சொல்ல எனக்கும் ஒரு சொல் வேண்டும். கோப்பி ஆறுவதற்குள் குடிக்க விடு என்பது மாதிரி.”

டெல்சியா யோசித்தாள். “ஆறுதலா,” என்றாள். “மெதுவாக, அவசரப்படாமல் என்று அர்த்தம்.”

“ஆர்... உத்தலா?”

“ஆ-று-த-லா.”

தாய் மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வெற்றிச் சிரிப்போடு போனார்.

பின்னேரம் மரியோ ஒரு ட்ரக் தரிப்பிடத்திலிருந்து போன் எடுத்தபோது, டெல்சியா எல்லாவற்றையும் நடித்துக் காட்டாத குறையாகச் சொன்னாள்.

“அப்ப, உங்கட வகுப்பில இப்ப தாய்மாருக்கும் இடமிருக்கோ?” என்று கேட்டான் அவன்.

“என்ர வகுப்பில இடமிருக்கு,” என்றாள் டெல்சியா. “ஆனா பனிக்காற்சட்டையை அவையள் தாங்களே போடவேணும்.”