மாமா காரில் ஏற்றாத சாமான்கள்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வருகிற கார்த்திகையில் உங்கள் இரண்டு பேரையும் மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக அவர் சொன்னார். நீங்களும் ஓம் என்றீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் சாப்பிட்டிருப்பேன். ஆனால் அவர் பழைய பகிடியை எடுத்தார்.

"உங்கட அப்பா ஒருக்கா என்னோட வந்து, மானுக்குப் பயந்து நிலத்தில குப்புறப் படுத்தவர்" என்று சொல்லி, கதிரையில் இருந்தபடியே இரண்டு கையையும் பிடரியில் வைத்துக் குனிந்து காட்டினார். நீங்கள் சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்க் காருக்குள் இருந்தேன். தலையிடி என்று உங்களுக்குச் சொன்னது பொய்.

வாயால் சொல்ல வெளிக்கிட்டால் கோபத்தில் எனக்குச் சொல் தடக்கும். அதனால் எழுதுகிறேன். அம்மாவும் வாசிக்கட்டும். அவளுக்கும் இந்தக் கதை முழுக்கத் தெரியாது.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது. சின்னவன் அம்மாவின் வயிற்றில். ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். அதற்கு முதல் ஏழு மாதம் சென் ஜேம்ஸ் ரவுணில் மாமாவின் அப்பார்ட்மென்டில் இருந்தோம். ஒரே ஒரு அறை. மாமா குடும்பம் அறைக்குள், நாங்கள் ஹோலுக்குள். அந்த ஏழு மாதத்தில் அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் இவ்வளவு காலமும் வாயைத் திறக்கவில்லை.

மாமா அப்போது கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவரோடு வேலை செய்த வயதான வெள்ளைக்காரர் ஒருவருக்கு வடக்கே மூன்று மணித்தியால ஓட்டத்தில் காடும் ஒரு மரக்குடிலும் இருந்தன. மாமா வேட்டைக்கான வகுப்புக்குப் போய், லைசென்ஸ் எடுத்து, துவக்கும் வாங்கியிருந்தார். என்னையும் வரச்சொன்னார்.

"எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது மச்சான்" என்றேன்.

"நீர் துவக்குப் பிடிக்கத் தேவையில்லை. சொல்லுற இடத்தில நிண்டால் காணும். மான் உம்மைக் கண்டு எங்கட பக்கம் திரும்பும். அவ்வளவுதான் உம்முடைய வேலை."

துவக்கில்லாமல் மான் திருப்பப் போகிறவனுக்கும் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மாமாவுக்கு முதலே தெரிந்திருக்கும். வகுப்புக்குப் போனவர் அவர்தானே.

வெளிக்கிடுகிற அன்று விடிய அவருடைய கட்டடத்தின் கீழே, பாக்கிங்கில் வைத்துச் சாமான் ஏற்றினோம். மாமாவின் சட்டைப் பையில் நாலாய் மடித்த ஒரு தாள் இருந்தது.

"உதென்ன மச்சான்?"

"கிழவன் தந்த லிஸ்ட். வாற ஆக்கள் எல்லாரும் கொண்டு வரவேணுமாம். விசிலாம், திசைகாட்டியாம், தண்ணி போகாத டப்பாவுக்குள்ள நெருப்புக்குச்சியாம். ஒரு ஆளுக்கு மூண்டு சோடி கம்பளிக் கால்மேஸாம்."

"வாங்கத் தேவையில்லையோ?"

"உவங்களுக்கு வீட்டில கரண்ட் நிண்டாலே காய்ச்சல் வரும். நாங்கள் வன்னிக் காட்டை வெறுங்காலோட கடந்து வந்த ஆக்கள். எங்களுக்குக் காட்டைப் பற்றி உவர் சொல்லித் தரப்போறார்."

நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். அந்தச் சிரிப்புக்காக என்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நாங்கள் பட்ட பாடே எங்களுக்குப் போதும், வேறு சாமான் தேவையில்லை என்று அந்த வயதில் நானும் நம்பினேன்.

அவர் ஏற்றிய சாமானைச் சொல்கிறேன், கேளுங்கள். றைஸ் குக்கர். ஆட்டிறைச்சிக் கறி ஒரு பெரிய சட்டி, மூடி கழராமல் சாரத்தால் சுற்றிக் கட்டியது. தூள் போத்தல். மடக்குக் கதிரை நாலு. சீட்டுக்கட்டு. பாட்டுக் கசற்றுகள். பிறகு அந்த வீடியோ கமரா. ஊருக்கும் ஜேர்மனிக்கும் கசற் அனுப்ப வாங்கியது. அதை இரண்டு துவாயால் சுற்றி, தனிப் பையில் வைத்து, என் மடியில் தந்தார். "கவனம், ஈரம் பட்டால் போச்சு" என்றார். நான் மூன்று மணித்தியாலம் அதைப் பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டு போனேன்.

மான் என்று நினைத்து ஆளை ஆள் சுட்டுவிடாமல் வேட்டைக்காரர் போடுகிற ஒறேஞ்ச் நிற வெஸ்ட் ஒன்றே ஒன்று வாங்கியிருந்தார். தனக்கு.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"நீர் சுடப்போறேல்லைத்தானே."

நான் கமராப் பையோடு காரில் ஏறினேன். இப்போது என்றால் பதில் சொல்வேன். சுடாமல் நிற்கிறவனுக்குத்தான் அது முதல் தேவை. எனது ஜக்கற் ஒரு தேவாலயத்தில் இனாமாகத் தந்தது. மண்ணிறம். அச்சாய் மான் தோல் நிறம். காலில் ஓடித்திரிகிற சப்பாத்து, பருத்தி மேஸ் இரண்டு சோடி. துவக்குகள் இரண்டு இருக்கும் காட்டுக்குள் ஒரு மனிசனை மான் நிறத்தில் உடுத்தி, மான் வரும் வழியில் நிற்பாட்டினார் உங்கள் மாமா.

பத்து மணிபோல் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா "யெஸ், யெஸ்" என்றார். என்ன கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. தாளைக் கொடுத்தாயா என்று கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

சாப்பிட்டு முடிய, ஒரு மேட்டின் அடியில் என்னை நிற்பாட்டிவிட்டு இரண்டு பேரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். ஒரு மணித்தியாலம் நின்றேன். கால் விரல் தெரியவில்லை. குளிருக்கு நடந்தால் சரி என்று நாலு அடி அங்காலே போனேன், பிறகு ஒன்றுக்கிருக்க இன்னும் கொஞ்சம் போனேன். ஸ்நோ கொட்டத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் என் அடித்தடம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். மேடு எது, பள்ளம் எது என்று பிடிபடவில்லை.

நான் கத்தவில்லை. ஏன் தெரியுமா? கத்தினால் மான் ஓடிவிடும், மச்சான் பேசுவார் என்று நினைத்தேன். வழி தொலைந்து நிற்கிறவன் அடுத்தவருடைய மானுக்காக வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பொக்கற்றுகளைத் தடவிப் பார்த்தேன். சப்வே ரயிலுக்கான ரோக்கின் இரண்டு, ஈரமாகிப்போன பஸ் ரான்ஸ்பர் ரிக்கற் துண்டு, வீட்டுக் கதவுத் திறப்பு. ரொறன்ரோவில் அந்த மூன்றும் இருந்தால் எந்த மூலையிலிருந்தும் வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே ஒரு நெருப்புக்குச்சிக்கு அவை ஈடில்லை.

அப்போது வெடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே அளவாய் விட்டு விட்டு.

நான் நிலத்தில் விழுந்தேன். யோசித்து விழவில்லை. உடம்பு தானாக விழுந்தது. சண்டைக் காலத்தில் ஊரில் எத்தனை தரம் விழுந்திருக்கிறேன், அப்படி விழுந்ததால்தான் உங்களைப் பெற உயிரோடிருந்தேன். கொஞ்சத்தால் திரும்பவும் மூன்று வெடி. சத்தம் இன்னும் கிட்டே. வெடிக்கு எதிர்ப்பக்கமாகத் தவழ்ந்தேன். விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் கீழ் புகுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். ஸ்நோ கழுத்துக்குள் இறங்கி உருகியது. முதலில் நடுங்கியது, பிறகு நடுக்கமும் நின்றுவிட்டது. அது நல்லதல்ல என்று எனக்குத் தெரியாது. நித்திரை வருகிற மாதிரி இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு அவள் தனிய என்ன செய்வாள் என்று மட்டும் ஒரு நினைவு ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஆள் வருகிற சத்தம். யாரோ கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. துவக்கோடு ஆள் தேடி வந்தால் மூச்சுக் காட்டக்கூடாது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மரங்களுக்கு நடுவே தூரத்தில் ஒறேஞ்ச் நிறம் தெரிந்தது. பெரியவருடைய வெஸ்ட். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பதுங்கி வருகிறவன் இப்படி ஒரு நிறத்தை உடுத்த மாட்டான், இந்த மனிசன் தன்னை நான் காணவேண்டும் என்றுதான் வருகிறான் என்று மெல்ல மெல்ல மூளைக்கு எட்டியது. கையை வெளியே நீட்டினேன்.

அவர் என் சப்பாத்தைக் கழற்றி, தன் பையிலிருந்து கம்பளி மேஸ் எடுத்துப் போட்டுவிட்டார். தன் தொப்பியை என் தலையில் இழுத்துவிட்டார். மாமா பின்னால் இளைக்க இளைக்க ஓடிவந்தார்.

"என்ன விசர் வேலை பார்த்தனீர்? வெடி கேட்கேல்லையே?"

"கேட்டது."

"கேட்டால் வரத் தெரியாதே?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவரும் ஊரில் விழுந்து படுத்த ஆள்தான். அந்தக் கேள்வியை வெள்ளைக்காரர் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திராது. அவர் கேட்கவில்லை. அவர் மாமாவைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். "லிஸ்ட்?" மாமா சட்டைப் பையைத் தடவினார். நாலாய் மடித்தது மடித்தபடியே வந்தது. பெரியவர் அதைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

இருட்ட முதலே அங்கிருந்து வெளிக்கிட்டோம். வழியில் மாமா சொன்னார், "தங்கச்சிக்கு இதைச் சொல்லிப் போடாதையும். வயித்தில பிள்ளையோட இருக்கிறாள், பயந்து போடுவாள்."

சரி என்றேன். நியாயமாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து, ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தேன். சளிக் காய்ச்சல் என்று அம்மாவுக்குச் சொன்னேன். கட்டிலில் கிடந்தபடி அந்தத் தாளை அகராதி வைத்து வாசித்தேன். கடைசி வரி இது: மூன்று வெடி கேட்டால், நாங்கள் உன்னைத் தேடுகிறோம் என்று பொருள். இருந்த இடத்திலேயே நின்று விசிலை மூன்று தரம் ஊது.

அந்தப் பெரியவர் எனக்குப் பக்கத்தில் நின்று, பதில் வரும் வரும் என்று திரும்பத் திரும்ப வெடி வைத்திருக்கிறார். நான் அவரிடமிருந்து தவழ்ந்து தப்பி ஓடியிருக்கிறேன். இரண்டு வரியைத் தமிழில் சொல்ல மாமாவுக்குக் காரில் மூன்று மணித்தியாலம் இருந்தது. கமரா நனையக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

மூன்று கிழமை போகவில்லை. ஸ்கார்பரோவில் ஒரு பிறந்தநாள் ஹோலில், ஐம்பது பேருக்கு நடுவில், தங்கச்சிக்குச் சொல்லாதே என்ற அதே மனிசன் எழும்பி நின்று, நான் மானுக்குப் பயந்து படுத்த கதையைச் சொன்னார். நடித்தும் காட்டினார். அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து சிரித்தாள். பகிடி என்று நினைத்தாள். அன்றிலிருந்து சாமத்தியவீடு, கலியாணம், ஒன்றும் தப்பவில்லை. விசிலும் வெஸ்ட்டும் தாளும் அந்தக் கதையில் ஒரு நாளும் வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன், ஏழு மாதம் அவருடைய ஹோலில் படுத்த நன்றிக்கு. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

நீங்கள் போகக்கூடாது என்று சொல்லமாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் வகுப்புக்குப் போய், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். கதவடியில் இரண்டு பை வைத்திருக்கிறேன். வெஸ்ட்டும் தொப்பியும் ஒறேஞ்ச், இரண்டு பேருக்கும். திசைகாட்டி இரண்டு, பார்க்கத் தெரியாமல் கொண்டுபோய்ப் பயனில்லை, பழகுங்கள். நெருப்புக்குச்சியைப் பழைய மருந்துப் போத்தலுக்குள் போட்டு மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறேன். கம்பளி மேஸ் ஆளுக்கு மூன்று சோடி. பருத்திக் கால்மேஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், நனைந்தால் அது உங்களைக் கொல்லும். ரோச் லைற், கத்தி, கயிறு, கொஞ்சம் சொக்கிலேற். விசில் கழுத்தில் தொங்கவேண்டும், பைக்குள் அல்ல. பை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் ஆகலாம். எங்கே நிற்கப்போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பெரியவருடைய தாளையும் சின்னவனின் பைக்குள் வைத்திருக்கிறேன். மடிப்புகள் கிழிந்துவிட்டன, பார்த்து விரியுங்கள்.

மூன்று வெடி கேட்டால் நில்லுங்கள். நீங்கள் நிலத்தில் விழமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே வளர்ந்த உடம்பு. ஆனால் தன்னோடு வந்த ஆள் விழுவான் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதுதான் என்னுடைய கோபம் முழுவதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் மாமா வீட்டில்தான் சாப்பாடு. விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பெரியவருடைய தாளையும் எடுத்து வாருங்கள். மாமா திரும்பவும் கதிரையில் குனிந்து காட்டுவார். அப்போது கழுத்தில் இருக்கிற விசிலை எடுத்து, மூன்று தரம், பலமாக ஊதுங்கள். பிறகு அந்தத் தாளை மாமாவிடம் கொடுத்து, கடைசி வரியை எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் சொல்லுங்கள். நான் காருக்குள் போகமாட்டேன். மேசையிலேயே இருப்பேன்.