உப்புப் பார்க்கச் சொன்னவர்

ராமேஸ்வரத்தில் வண்டிகள் நிறுத்தும் திடலில், எங்கள் வேனுக்குப் பக்கத்தில் முதுகுளத்தூரிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பெரிய குடும்பம் இறங்கியிருந்தது. அத்தனை பேருக்கும் ராத்திரிச் சாப்பாட்டை ஒருவரே சமைத்தார். ஒல்லியான மனிதர். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்.

"பல்லைப் புடுங்கிக் கடல்ல போடுங்க சித்தப்பா, தீர்த்தமாடுன கணக்காப் போகும்!" என்று கேலி செய்துவிட்டு எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள். அவர் கரண்டியில் சாம்பாரோடு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் உப்புப் பாரும்மா."

உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தேன். "கொஞ்சம் கம்மிண்ணே. நீங்க பாக்கலையா?"

"வாயில வச்சா எரியுது. பல்லுவலி இல்லம்மா, புத்துநோயி. மதுரை ஆசுபத்திரியில முத்திப்போச்சுன்னுட்டாக. இங்கன சிரிச்சுக்கிட்டுத் திரியுதுக. ஊருல போயிச் சொல்லிக்கிறேன்."

உப்பைப் போட்டுக் கலக்கி மறுபடி நீட்டினார். சரியாக இருந்தது.

பந்தியில் ஒருத்தி சொன்னாள்: "பல்லுவலியிலயும் சித்தப்பா கைக்கு உப்பு தப்பாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.

இன்றும் குழம்பில் உப்புப் பார்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன். ஊர் போய், அத்தனை பேரில் யாரிடம் முதலில் சொல்லியிருப்பார்?