கார்டு இல்லாத கணக்கு

கரவனெல்லயில் கணக்குத் திறக்கப் போனபோது வட்டி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எந்த பேங்க் வாசலில் த்ரீவீல் ஸ்டாண்ட் இல்லை என்றுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரன் தெரணியகலையில் த்ரீவீல் ஓட்டுகிறவன். அவன் ஸ்டாண்டுக்கு நேர் எதிரேதான் பழைய பேங்க். என் சம்பளம் விழுந்த கையோடு மெஷினில் கார்டைப் போட்டு எடுத்துவிடுவான். கார்டு அவன் சட்டைப் பையில், ரகசிய நம்பர் அவன் மண்டையில். மலையேறி ரப்பர் பால் வெட்டுவது மட்டும் நான்.

எங்கள் தோட்டத்தில் இது அதிசயம் இல்லை. ஆபீஸில் கையில் சம்பளம் கொடுத்த காலத்திலும் பொம்பளை சம்பளத்தை ஆம்பளைதான் போய் வாங்குவான். பேங்க் வந்தால் மாறும் என்றார்கள். என்ன மாறியது? மலையில் கங்காணியின் ஏச்சு, வீட்டில் இவன் அடி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒருநாள் காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் பஸ் காசு கேட்டேன். என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் உழைத்த காசில் எனக்குப் பஸ்ஸுக்குக் கூட இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதே முடிவெடுத்தேன். இனி என் சம்பளம் என் கையில்தான்.

பேங்கில் இருந்த சிங்களப் பெண் கார்டு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், புத்தகம் போதும் என்றேன். புத்தகத்தில் பணம் எடுக்க என் முகமும் என் கையெழுத்தும் வேண்டும். அதையெல்லாம் அவன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள முடியாதே. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்து டெலிபோன் நம்பர் கேட்டாள். கடகடவென்று சொன்னேன்.

சொன்னது அவன் நம்பர். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கெல்லாம் வீட்டுக்கு ஒரு போன், அது ஆம்பளையுடையது. கிளினிக்கில் கேட்டாலும் சங்கத்தில் கேட்டாலும் அந்த நம்பரைத்தான் எங்கள் நம்பர் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். எனக்கு மனப்பாடமான ஒரே நம்பரும் அதுதான்.

தோட்ட ஆபீஸில் புதுக் கணக்கைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். சம்பள நாளில் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், வாசலில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான். சம்பளம் விழுந்த செய்தி அவனுக்கே போயிருக்கிறது.

வயிற்றில் உதைத்தான். விழுந்ததும் கூந்தலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்தான். பால் வாளியைப் பிடுங்கி நெற்றியில் அடித்தான். அதன் விளிம்பு பட்டுத் தோல் கிழிந்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. பக்கத்து காம்பரா வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு வெறி பிடித்தது. கழுத்தை நெரிக்க வந்த அவன் கையைக் கடித்தேன். அவன் அலறும்வரை கடித்தேன். பல்லில் சதை தட்டியது. விட மனம் வரவில்லை.

இரத்தம் நிற்காததால் அவனே பயந்துபோய் என்னைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனான். மலையில் வழுக்கி விழுந்தாள் என்று நர்ஸிடம் சொன்னான். தன் கைக் காயத்துக்கு நாய் மேல் பழி போட்டான். தையல் போட்டு ஒரு இரவு வார்டில் வைத்திருந்தார்கள். காலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதும், வீட்டில் தேடி எடுத்த என் புத்தகத்தோடு வந்து நேராக பேங்குக்குக் கூட்டிப் போனான். கணக்கை மூடாவிட்டால் இன்றைக்குக் கொன்றுவிடுவேன் என்று வழியெல்லாம் சொன்னான். செய்வான் என்றுதான் நானும் நினைத்தேன்.

பேங்குக்குள் கால் வைத்ததும் ஆள் சர்க்கரை. பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, இவ்வளவு தூரம் வர ஏலாது, இந்தக் கணக்கை மூட வேண்டும் என்று சிங்களத்தில் குழைந்தான். அதே பெண்தான் இருந்தாள். என் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். அவனை விட்டுவிட்டு, கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, உங்களுக்கு விருப்பமா என்று என்னைக் கேட்டாள்.

இல்லை என்றேன். அந்த டெலிபோன் நம்பரை மட்டும் அழித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சிங்களத்தில் சத்தமாகவே சொன்னேன்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கையை ஓங்கினான். பழக்கதோஷம், என் தோள் குறுகியது. குறுகிய தோளை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

“அடிங்க,” என்றேன். “இங்கயே அடிங்க. மேல கெமரா இருக்கு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஓங்கிய கை இறங்கியது. அதே கையால் தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

ஆத்திரம் வந்தால் அவனுக்குக் கண் மண் தெரியாது, பாவம் அவன் என்ன செய்வான் என்று லயமே சொல்லும். நானும் அதை நம்பித்தான் இத்தனை வருஷம் அடி வாங்கினேன். அவனுக்கோ கூரை மூலையில் இருந்த சின்னக் கெமராகூடத் தெரிந்தது.

நம்பரை அழித்ததற்கும், பஸ்ஸுக்குக் கொஞ்சம் பணம் எடுத்ததற்கும் கையெழுத்துப் போட்டேன். வெளியே அவன் த்ரீவீலைக் கிளப்பிக்கொண்டு ஏறச் சொன்னான். நான் அதைத் தாண்டி நடந்து, எஹலியகொடவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.